ஸ்டெப்னிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மூன்றாவது பிரேக் லைட்: ரேங்ளர் ஜேகே, 35 அங்குல டயர்

சேற்றுக்கால் (ஆஷ்பர்ன், வர்ஜீனியா)

வணக்கம் மக்களே. வண்டி 2013 ஜீப் ரேங்ளர் ஜேகே ரூபிகான், நான்கு கதவு, ஹார்ட்டாப். போன மாதம் வண்டியை உயர்த்தும் இரண்டரை அங்குல லிஃப்ட் கிட் போட்டு, கம்பெனியோடு வந்த 255/75 ஆர் 17 டயர்களைக் கழற்றிவிட்டு 35x12.50 ஆர் 17 மாட்டினேன். ஸ்டெப்னியும் அதே அளவில்தான் இருக்க வேண்டும் என்று ஐந்தாவதாக ஒன்றை வாங்கிப் பின்கதவில் ஏற்றினேன். தூரத்தில் நின்று பார்த்தபோது வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது.

நேற்று வருடாந்தர இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். 20 டாலர் வாங்கிக்கொண்டு, பிரேக்கை அமுக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போனவர் திரும்பி வந்து, "உன் நடு விளக்கு எங்கே?" என்றார். "இருக்கிறதே" என்றேன். "இருக்கலாம், எனக்குத் தெரியவில்லையே" என்று சொல்லி ரிஜெக்‌ஷன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். 15 நாள் கெடு.

அளந்து பார்த்தேன். ஸ்டெப்னி தாங்கியிலிருந்து மேலே எழும்பும் தண்டின் தலையில்தான் அந்த விளக்கு. அதன் கீழ் விளிம்பு இப்போது டயரின் உச்சிக்கு 1.5 செ.மீ. கீழே இருக்கிறது. பாதி விளக்கை டயர் விழுங்கிவிட்டது. யாராவது இதைச் சரிசெய்திருக்கிறீர்களா? கடைக்குப் போகாமல் வீட்டிலேயே முடிக்கப் பார்க்கிறேன்.

டெக்சாஸ் காளை (ஆஸ்டின்)

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. வட்டமான எல்ஈடி வளையம் விற்கிறார்கள். ஸ்டெப்னி ரிம்முக்குப் பின்னால் செருகி, நட்டுகளை முடுக்கினால் வேலை முடிந்தது. பிரேக் அடித்தால் ரிம்மின் இடுக்குகள் வழியே சிவப்பாகச் சுற்றி எரியும், பார்க்க அட்டகாசமாக இருக்கும். பழைய தண்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். இரண்டு வருஷமாக ஒரு போலீஸும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் 2025 ஜனவரி 1 முதல் சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். ஆஸ்டினில் புகைச் சோதனை மட்டும்தான் பாக்கி.

பழைய டீஜே (பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா)

காளை, சோதனை இல்லை என்றால் சட்டமும் இல்லை என்று அர்த்தமாகிவிடாது. பின்னால் வருகிறவனுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

அந்த வளையத்தை நானும் ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நேர் பின்னால் நின்றால் அருமையாகத் தெரியும். பக்கவாட்டில் நான்கு எட்டு நகர்ந்து பாருங்கள், ரிம்மின் ஆரமும் விளிம்பும் பாதியை மறைத்துவிடும். இந்த நடு விளக்கு இடமும் வலமும் 45 டிகிரி வரை தெரிய வேண்டும் என்பது அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி எண் 108. குழிக்குள் இருக்கிற விளக்கு அந்தக் கோணத்துக்கு எப்படி வரும்? பனியும் சேறும் ரிம்முக்குள் அப்பிக்கொண்டால் அதுவும் போச்சு. ஆங்கிலப் பெயரிலேயே (சென்டர் ஹை மவுண்டட் ஸ்டாப் லேம்ப்) "உயர" என்று இருக்கிற விளக்கை ஒன்றரைச் சாண் கீழே இறக்கி வைப்பதும் எனக்கு உறுத்தல்தான்.

இந்த விளக்கு வந்த கதை தெரியுமா? 1974-ல் ஜான் வொயெவொட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளில் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்திப் பார்த்தார். பின்னால் வந்து மோதும் விபத்துகள் 60.6 சதவீதம் குறைந்தன. அதன் பிறகுதான் 1986 மாடல் கார்களுக்கும், 1994 மாடலிலிருந்து ஜீப், பிக்கப் வகைகளுக்கும் கட்டாயமாயிற்று. எல்லா வண்டியிலும் வந்து கண்ணுக்குப் பழகியதும் அந்தப் பலன் சுருங்கிவிட்டது. 1998-ல் வந்த அரசு ஆய்வு 4.3 சதவீதம் என்கிறது. சின்ன எண்தான். ஆனால் நாடு முழுக்க ஓடுகிற வண்டிகளை நினைத்துப் பார்த்தால் சின்னதில்லை.

டெக்சாஸ் காளை

ஐயா, வகுப்பு எடுக்காதீங்க. வளையம் சேற்றில் மறையும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் சேறே கிடையாது, புழுதிதான்.

நெவாடா நிலா (ரீனோ)

இன்னொரு விஷயம், இது ஜேகேவுக்கு அடுத்து வந்த ரேங்ளரான ஜேஎல் வைத்திருப்பவர்களுக்கு. எங்கள் வண்டியில் பின்கேமரா ஸ்டெப்னியின் நடு ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. வேறு ரிம் மாற்றினால் கேமராவின் பார்வையில் ரிம்மின் விளிம்பு விழுகிறது. வளையம் மாட்டினால் ராத்திரி ரிவர்ஸ் எடுக்கும்போது, கால் பிரேக்கில் இருந்தால், திரை முழுக்கச் சிவப்பு. நான் கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஜேகே-காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

சேற்றுக்கால்

நன்றி எல்லோருக்கும். வளையம் வேண்டாம், விளக்கைத்தான் தூக்கப்போகிறேன். இணையத்தில் ரெடிமேடாக ஒரு பிராக்கெட் வாங்கினேன். தகரம் மாதிரி மெலிசு. விரலால் தட்டினால் விளக்கு தலையாட்டுகிறது. திருப்பி அனுப்பிவிட்டேன். 15 நாளில் 4 நாள் அதிலேயே போனது. சொந்தமாகச் செய்ய வேண்டும் என்றால் என்ன பட்டை, எவ்வளவு கனம்?

பட்டறை மணி (எடிசன், நியூ ஜெர்சி)

தம்பி, நான் சொல்கிறேன். கோயம்புத்தூர் கணபதியில் மாமாவின் லேத் பட்டறையில் பதினோரு வருஷம் நின்றவன். இங்கே வந்து கம்ப்யூட்டர் தட்டினாலும் கை சும்மா இருக்காது.

முதலில் ஸ்டெப்னியை இறக்கு. தனியாக இறக்காதே. 35 அங்குல டயரும் ரிம்மும் சேர்ந்தால் 40 கிலோவுக்கு மேல், இடுப்பு போய்விடும். தண்டின் அடிப்பாகம் தாங்கியில் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றிக் காலண்டர் அட்டையில் வைத்து, ஓட்டைகளைப் பென்சிலால் குறி. அதே ஓட்டைகளை எத்தனை செ.மீ. தூக்க வேண்டுமோ அத்தனை மேலே இன்னொரு முறை குறி. ஆக கீழ் ஓட்டைகள் தாங்கிக்கு, மேல் ஓட்டைகள் தண்டுக்கு. அவ்வளவுதான் டிசைன். அட்டையை வைத்துப் பார்த்துச் சரியாக உட்கார்ந்தால் மட்டும் இரும்பில் கை வை. அட்டை பத்துப் பைசா, பட்டை பத்து டாலர்.

பட்டை 5 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) போதும். 3 மி.மீ. போட்டால் நிற்கும், ஆனால் துடிக்கும். தண்டு உயர உயர நுனியில் ஆட்டம் கூடும். ரம்பப்பல் மாதிரி இருக்கிற மண்பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஓட்டையின் ஓரத்தில் கீறல் விடும். அலுமினியம் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். உங்கள் ஊரில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். அலுமினியமும் இரும்பு போல்ட்டும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் வெள்ளையாகப் பொரிந்துவிடும். ஆகவே இரும்பே போடு. ஓரத்தை அரத்தால் மழுக்கு, பிரைமர் இரண்டு கோட்டு, கருப்பு பெயின்ட். நட்டு நைலாக் (உள்ளே நைலான் வளையம் வைத்தது) போடு, சாதா நட்டு கழன்றுவிடும்.

ஒயர் விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். விளக்கு மேலே போனால் ஒயர் விறைத்துக்கொள்ளும். இழுத்துக் கட்டாதே, கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழுபட்டு கனெக்டரில் பிய்யும். 10 செ.மீ. ஒட்டு ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்கு. வெறும் டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது. விளக்குக்குள் நுழையும் முன் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்று. தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

சேற்றுக்கால்

அண்ணா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். சனிக்கிழமை முழுக்க கராஜில் இருந்தேன். 2.5 செ.மீ. தூக்கினேன். இப்போது விளக்கின் கீழ் விளிம்பு டயருக்கு 1 செ.மீ. மேலே. பின்னால் நின்று பார்த்தால் விளக்கு முழுசாகத் தெரிகிறது.

ஒரே ஒரு சந்தேகம். என் மனைவி தன் சிவிக்கில் பின்னால் வந்தாள். ரோட்டில் போகும்போது மூன்று விளக்கும் தெரிந்தனவாம். சிக்னலில் எனக்குப் பின்னால் வந்து நின்றதும் நடு விளக்கு பாதிதான், "கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற மாதிரி இருக்கிறது" என்கிறாள். அவள் கற்பனை என்றுதான் நினைக்கிறேன். கெடு முடிய 6 நாள்.

கோணமானி (ஆன் ஆர்பர், மிச்சிகன்)

கற்பனை இல்லை. உங்கள் மனைவி சொல்வது கணக்குப்படி சரி. நீங்கள் நின்றுகொண்டு பார்த்தீர்கள், அவர் உட்கார்ந்து பார்த்தார்.

விளக்கு டயருக்கு நேர் மேலே, ஆனால் முன்பக்கம், அதாவது கதவின் பக்கம் இருக்கிறது. டயரின் அகலம் 12.5 அங்குலம், கிட்டத்தட்ட 32 செ.மீ. விளக்கின் முகத்துக்குப் பின்னால் இன்னும் ஒரு 20 செ.மீ. டயர் நீட்டிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம் (அளந்து சொல்லுங்கள்). இது திண்ணையில் இருக்கிற பொருளைத் தரையில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி. திண்ணையின் விளிம்பு மறைக்கும்.

அமெரிக்காவில் சாலை வடிவமைப்பவர்கள் கார் ஓட்டுநரின் கண் உயரம் 3.5 அடி, அதாவது சுமார் 1.08 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். லிஃப்ட் செய்த உங்கள் வண்டியில் விளக்கு தரையிலிருந்து 1.6 மீட்டர் இருக்கும். வித்தியாசம் 52 செ.மீ. சிக்னலில் அவர் கண்ணுக்கும் உங்கள் டயருக்கும் 4 மீட்டர் தூரம். 52-ஐ 400-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்குங்கள்: 2.6 செ.மீ. விளக்கின் கீழ் விளிம்பு டயருக்கு மேல் 2.6 செ.மீ. இருந்தால்தான் அவருக்கு முழுசாகத் தெரியும். உங்களிடம் 1 செ.மீ. இருக்கிறது. மீதி 1.6 செ.மீ. மறையத்தானே செய்யும்? அதே கணக்கை 15 மீட்டருக்குப் போடுங்கள்: 0.7 செ.மீ. போதும். அதனால்தான் ரோட்டில் தெரிந்தது, சிக்னலில் தெரியவில்லை.

விதி 108-ன் ஒளிச் சோதனையில் கிடைமட்டத்துக்கு 5 டிகிரி கீழேயும் அளப்பார்கள். அந்தக் கணக்கில் 20 செ.மீ.க்கு 1.75 செ.மீ. வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சட்டத்துக்கு ஒரு பங்கு, சிவிக்குக்கு ஒரு பங்கு, டயர் மேல் அப்பும் சேற்றுக்கு ஒரு பங்கு என்று 4 செ.மீ. இடைவெளி வைப்பேன். ஆக ஆரம்ப நிலையிலிருந்து மொத்தம் 5.5 செ.மீ. தூக்க வேண்டும்.

டயர் அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 255/75 ஆர் 17-ன் விட்டம் 814 மி.மீ. 35 அங்குலம் என்றால் 889. ஆரத்தின் வித்தியாசம் 37 மி.மீ. "சரி, 4 செ.மீ. தூக்கினால் பழைய மாதிரி ஆகிவிடும்" என்று நினைப்பார்கள். டயர் உயர்ந்தது மட்டும் இல்லை, அகலமும் 6 செ.மீ. கூடியிருக்கிறது. அதோடு லிஃப்ட்டால் விளக்கும் மேலே போய்விட்டது. பின்னால் இருப்பவர் முன்பைவிட அண்ணாந்து பார்க்கிறார். மூன்றும் சேர்ந்து வேலை காட்டுகின்றன.

பட்டறை மணி

கோணமானி சாருக்கு ஒரு சல்யூட். நான் இரும்பைப் பார்த்தேன், கண்ணைப் பார்க்க மறந்துவிட்டேன். தம்பி, பழைய பட்டையைத் தூக்கிப் போடாதே. புதுசாக ஒன்று வெட்டு, இந்த முறை மேல் ஓட்டைகளை வட்டமாகப் போடாமல் நீளவாட்டில் 3 செ.மீ. காடியாக அறுத்துக்கொள். நாளைக்கு 37 அங்குல டயருக்குப் போனால் இன்னொரு 2.5 செ.மீ. தேவைப்படும். காடிக்கு அகலமான வாஷர் போட வேண்டும், இல்லையென்றால் வழுக்கிவிடும்.

சேற்றுக்கால்

அளந்தேன், 20 இல்லை, 21 செ.மீ. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அவள் கோணமானிக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

கோவை தார்

அண்ணன்களே, நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் இங்கே கோயம்புத்தூரில் மஹிந்திரா தார் வண்டி வைத்திருக்கிறேன். பெரிய டயர் போட ஆசை. ஸ்டெப்னியும் பெரிதாகும். இந்தப் பிராக்கெட் வேலை நம்ம ஊரில் செல்லுமா?

பழைய டீஜே

தம்பி, பிராக்கெட்டை விடுங்கள், அங்கே கேள்வி டயரில்தான் ஆரம்பிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி 182ஏ பிரிவைப் புதிதாக மாற்றி எழுதினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் சொல்லியிருக்கிறது. கம்பெனி அந்த மாடலின் வேறு வேரியன்டில் கொடுக்கிற அளவுக்குள் நின்றுகொள்ளுங்கள். அந்த அளவுக்கு விளக்கைத் தூக்க வேண்டிய தேவையே வராது.

கோவை தார்

சரிங்க அண்ணா. இன்னொரு சின்னச் சந்தேகம், அங்கேயும் ஸ்டெப்னி என்றுதான் சொல்கிறார்களா?

நெவாடா நிலா

சொன்னால் ஒருவருக்கும் புரியாது! நானும் வந்த புதிதில் டயர் கடையில் சொல்லி முழித்திருக்கிறேன். 1904 வாக்கில் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. தெருப்பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டு கப்பலேறி நம்ம ஊருக்கு வந்தது. இங்கே "ஸ்பேர்" என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்.

டெக்சாஸ் காளை

அப்படியே கதவைப் பற்றியும் யாராவது சொல்லுங்க. விளக்கைத் தூக்கிவிட்டோம், அந்த 40 கிலோவை எது தாங்குகிறது?

பழைய டீஜே

நல்ல கேள்வி, வளையக்காரரிடமிருந்து எதிர்பார்க்கவில்லை. கதவின் கீல்களும் தகரமும்தான் தாங்குகின்றன. கதவில் இருக்கிற ரப்பர் முட்டுகள் டயரோடு நன்றாக அமுங்கியிருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் குழியில் விழும்போதெல்லாம் டயர் தனியாக ஆடிக் கதவைப் பிய்க்கும். டயர் அகலமாகிவிட்டால் எதிர்ப் பிரச்சினை: முட்டு அளவுக்கு மீறி அமுங்கி டயர் சரியாக உட்காராது. அப்போது முட்டைக் கொஞ்சம் சீவலாம், அல்லது தாங்கிக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் போடலாம். ஸ்பேசர் போட்டால் டயர் இன்னும் வெளியே போகும், கோணமானியின் 20 செ.மீ. கூடும், விளக்கை இன்னும் தூக்க வேண்டி வரும். ஆகவே முதலில் டயரை உட்கார வையுங்கள், கடைசியில் விளக்கு. 37 போடுகிறவர்கள் கதவை நம்பாதீர்கள், கீலோடு சேர்ந்த தனித் தாங்கி வாங்கிவிடுங்கள்.

சேற்றுக்கால்

அப்டேட். இரண்டாவது பட்டை, 5 மி.மீ., காடி ஓட்டை, மொத்த உயர்வு 5.5 செ.மீ. மாட்டி முடித்ததும் மனைவியின் காரில் நான் உட்கார்ந்து, அவளை ஜீப்பில் உட்கார்த்தி பிரேக் அமுக்கச் சொல்லி, 4 மீட்டர், 8 மீட்டர், 15 மீட்டர் என்று மூன்று இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். அப்புறம் இடமும் வலமும் நடந்து சாய்ந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் முழு விளக்கு. எதிர்வீட்டுக்காரர் ஏதாவது தகராறா என்று வந்து விசாரித்தார்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது போனேன். அதே இன்ஸ்பெக்டர். பின்னால் போய் நின்றார், குனிந்து பார்த்தார் (குனிந்து!), பட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், "யார் செய்தது?" என்று கேட்டுவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார். ஒரிஜினல் விளக்கையே வைத்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. லென்ஸில் டாட், எஸ்ஏஇ என்ற தர முத்திரை எழுத்து இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார்.

கெட்டது ஒன்று உண்டு. ராத்திரியில் பிரேக் அடித்தால் என் பின்கண்ணாடியில் சிவப்பாகப் பிரதிபலிக்கிறது. விளக்கின் முதுகுப் பக்கத்தில் ஒரு கருப்பு ரப்பர் பட்டை ஒட்டினேன், பாதி குறைந்தது.

பட்டறை மணி

சந்தோஷம் தம்பி. 500 மைல் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பார்.

சேற்றுக்கால்

மூன்று மாதம் கழித்து வருகிறேன். ஹாரிசன்பர்க் பக்கம் ஃபிளாக்போல் நாப் ஏறி இறங்கி வந்தேன், கல்லும் குழியுமாக அரை நாள். பட்டையில் கீறல் இல்லை. மணி அண்ணன் சொன்ன 500 மைல் வேலையை நான் செய்யவில்லை, அதனால் காடியில் ஒரு பக்கம் 4 மி.மீ. வழுக்கி விளக்கு லேசாகச் சாய்ந்திருந்தது. இறக்கி, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கிவிட்டேன். ஒயர் ஒட்டு காய்ந்தபடியே இருக்கிறது.

ஜேகே புதுசு

அண்ணா, எனக்கும் அதே டயர், அதே பிரச்சினை. அந்த அட்டை அச்சு இருந்தால் ஸ்கேன் பண்ணிப் போட முடியுமா?

சேற்றுக்கால்

பையன் அதன் பின்பக்கத்தில் டைனோசர் வரைந்து பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெப்னியை இறக்கிப் புதுசாக எடுத்துப் போடுகிறேன். இறக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும், ஆஷ்பர்ன் பக்கம் யாராவது இருந்தால் காபி உண்டு.